வயிறும் வினையும்

சேலத்திலிருந்து வருவோருக்கும் நாமக்கல்லிலிருந்து வருவோருக்கும், கரும்பும் மரவள்ளியும் சோளமும் விளையும் சமவெளியின் நடுவே நெடுந்தூரத்திலேயே கண்ணுக்குப் புலப்படும் திருச்செங்கோட்டு மலை, தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் என்னும் திருப்பெயரோடு விளங்குவது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுத் தலங்களை வணங்கி வருகையில், பவானியாகிய திருநணாவைத் தரிசித்து மீண்டும் இவ்வூரில் எழுந்தருளியிருந்தபோது, பனிக்காலம் வந்து, அக்காலத்துக்குரிய குளிர்சுரம் அவருடன் வந்த அடியார் கூட்டத்தைப் பற்றியதென்றும், இந்த நிலத்துக்கு இது இயல்புதான் என்று அவர்கள் விண்ணப்பித்துக்கொண்டார்கள் என்றும், அப்பொழுது அவர் திருநீலகண்டப் பதிகத்தை அருளிச்செய்ய, அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டுச் சுரம் நீங்கிற்று என்றும் சேக்கிழார் பெரிய புராணத்தில் உரைக்கிறார். இவ்வரலாற்றை அற்புதமாகக் கொண்டு கைகூப்புவோர் பலர்; அவர்களுடைய பக்தியை நான் வணங்குகிறேன். ஆயினும், அப்பதிகத்தின் முதற்பாட்டிலே சம்பந்தப் பிள்ளையார் எழுப்புகின்ற வாதம் அந்த அற்புதத்தினும் பெரிது என்பது என் துணிபு. செய்த வினைக்குரிய பயன் இது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அதிலிருந்து உய்யும் வழியை நாடாமலிருப்பது அவர்களுக்கே குறையன்றோ என்பது அதன் கருத்து. வினை உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. வினையைக் காரணங்காட்டிக் கைகட்டி இருப்பதையே மறுக்கிறார்.

இந்த வாதத்தை இன்று எனக்கு அடிக்கடி நினைவூட்டுவது சுரமன்று, வயிறு. இரவும் பகலும் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டி, அகால வேளையில் கிடைத்ததை உண்டு, வண்டியிலேயே உறங்கும் சங்ககிரி, நாமக்கல் டிரைவர்களும், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இராத்திரி ஷிப்டில் விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே நிற்பவர்களும், விடுதிப் பள்ளிகளில் பரீட்சைக்காகப் பயிலும் பிள்ளைகளும், வயிறு உப்புகிறது, பிசைகிறது, ஒருநாள் மலச்சிக்கலும் மறுநாள் பேதியுமாக வதைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போகிறார்கள். ஸ்கேன் எடுத்து, இரத்தம் சோதித்து, எண்டோஸ்கோப்பியும் செய்த பின்னர், ஒன்றுமில்லை என்ற பதிலோடு பலர் திரும்புகிறார்கள். வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகக் குறிக்கும் குடல் நோயும் அதன் இனத்தைச் சேர்ந்த பிறவும் இத்தகையவை. ஒன்றுமில்லை என்ற சொல்லோடு வீடு திரும்பியவனுக்கு, படித்தவர்கள் ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்று சொல்கிறார்கள். பெரியவர்கள் ‘எல்லாம் வினைப்பயன்’ என்று சொல்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு உலகத்திலிருந்து வருகின்ற சொற்கள்போலத் தோன்றினாலும், வலிக்கின்றவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் அவை ஒரே சொல்லாகவே முடிகின்றன. மனம் வேறு, உடம்பு வேறு. வலி மனத்தினுடையதானால் அது பொய். உடம்பினுடையதானால் பாவத்தின் கூலி. இந்தப் பிரிவினை சரிதானா என்பதே என் விசாரம்.

மேல்நாட்டு விஞ்ஞானம் இதனை ஒரு துரதிர்ஷ்டத்தின் வாயிலாக விசாரிக்கத் தொடங்கிற்று. 1822-இல், அமெரிக்காவின் வடக்கெல்லையில் உள்ள மேக்கினா தீவிலே, அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனுடைய வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவன் பிழைத்தான், ஆனால் புண் முற்றும் மூடாமல், இரைப்பைக்குள்ளே பார்க்கக்கூடிய துவாரமாகவே நின்றுவிட்டது. அவனைக் காப்பாற்றிய வில்லியம் போமண்ட் என்ற இராணுவ வைத்தியர், அத்துவாரத்தின் வழியே பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்து 1833-இல் வெளியிட்ட நூலில், கோபமும் பயமும் வந்தபோது இரைப்பையின் உட்தோல் நிறம் மாறியதையும் ஜீரண நீர் சுரப்பது கெட்டதையும் பதிவு செய்தார். மனத்தின் விகாரத்தை மனிதன் தன் கண்ணாலே வயிற்றில் கண்ட சந்தர்ப்பம் அது. 1899-இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்ட பின்னரும் நாயின் குடல் தானாகவே உணவைத் தள்ளிச் செல்வதைக் காட்டினர். குடலின் சுவருக்குள்ளேயே ஒரு தனி நரம்பு மண்டலம் இருக்கிறதென்று 1921-இல் லாங்லி என்பவர் தம் நூலில் வகுத்துரைத்தார். பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் அதில் உள்ளன என்பது இன்றைய கணக்கு. மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கட்டளையைக் கீழே கொண்டுவருவன அல்ல, செய்தியை மேலே கொண்டுபோவன என்பதும் தெளிவாயிற்று. மூளை சொல்ல வயிறு கேட்கிறது என்று நாம் எண்ணியிருந்தோம். வயிறு சொல்ல மூளை கேட்பதே அதிகம்.

குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இந்தப் பேச்சில் பங்குண்டென்று இந்த நூற்றாண்டில் தெரியவந்தது. 2004-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், பிறந்தது முதல் ஒரு கிருமியும் அண்டாமல் வளர்த்த சுண்டெலிகளைச் சிறிது நேரம் அடைத்துவைத்தபோது, அவற்றின் உடம்பிலே கலவரத்துக்குரிய ஹார்மோன்கள் மற்ற எலிகளைக் காட்டிலும் மிகையாகப் பெருகுவதைக் கண்டனர். தக்க பருவத்தில் ஒரு நல்ல கிருமியைக் குடலில் குடியேற்றிய பின்னர் அம்மிகை தணிந்தது. 2011-இல், தயிரில் வாழ்வது போன்ற ஒரு கிருமியை ஊட்டிய எலிகளின் அச்சம் குறைந்ததையும், வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அந்தப் பயன் இல்லாமற்போனதையும் அயர்லாந்து, கனடா தேசத்து அறிஞர்கள் காட்டினார்கள். எலியைப் பற்றி அறிந்ததையெல்லாம் மனிதனுக்கு அப்படியே ஏற்றிவிடுவது அவசரம். உடம்பிலுள்ள செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில் இருக்கிறதென்று கேட்டவுடனே, ஆகவே ஆனந்தம் குடலில் பிறக்கிறது என்று முழங்குவோர் உண்டு. குடலின் செரட்டோனின் இரத்தத்தின் வழியே மூளைக்குள் புகுவதில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் வார்க்கும் கூழையும், உழவர் வீட்டுப் பழைய சோற்றையும் வயிற்றுக்கு நல்லவை என்று நம் முன்னோர் கொண்டது அனுபவம். பழைய சோற்றைக் குடல் நோயாளருக்குக் கொடுத்துப் பரீட்சிக்கச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையார் முற்பட்டது விவேகம். அனுபவத்தைப் பரீட்சைக்கு உட்படுத்துவதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. 2016-இல் உலக வைத்திய நிபுணர் குழு, காரணம் புலப்படாத இந்தக் குடல் நோய்களுக்கெல்லாம் குடலும் மூளையும் கொள்ளும் உறவிலே நேர்ந்த கோளாறுகள் என்றே இலக்கணம் வகுத்தது. ஒன்றுமில்லை என்ற பதிலுக்கு இனி சாஸ்திர ஆதாரம் இல்லை.

இவையெல்லாம் சமயவாதிக்கு அச்சத்தை உண்டாக்குமா? மனத்தின் கலவரத்தில் கிருமிக்கும் பங்குண்டென்றால், ஆன்மாவுக்கு என்ன மிச்சம் என்று சிலர் கலங்குகிறார்கள். இந்தக் கலக்கம் நம்முடைய தத்துவத்தில் பிறந்ததன்று. சிந்திக்கும் பொருள் ஒன்று, இடத்தை அடைத்து நிற்கும் ஜடப்பொருள் ஒன்று என்று உலகத்தை இரண்டாகப் பிளந்து, மனத்தை ஆன்மாவின் பக்கம் சேர்த்தவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட். அந்த எல்லைக்கோட்டை ஏற்றுக்கொண்டவனுக்கு, வயிறு மனத்தைத் தொடுகிறதென்பது ஜடம் ஆன்மாவின் வீட்டுக்குள் நுழைந்தது போலாகும். நம் சைவ சித்தாந்த ஆசாரியர்கள் எல்லைக்கோட்டை வேறிடத்தில் போட்டார்கள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்களான ஜடங்கள். அவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவது ஆன்மா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், ஆன்மா இக்கரணங்களில் ஒன்றன்று என்றும், அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்பது என்றும் நிலைநாட்டினார். கருவி உடம்பைச் சேர்ந்ததென்றால், வயிற்றின் நரம்போடு அது பின்னிக் கிடப்பதில் வியப்பென்ன? விஞ்ஞானம் மனத்துக்கும் உடம்புக்கும் இடையே இருந்த சுவரைத்தான் இடித்திருக்கிறது. அந்தச் சுவரை நாம் கட்டவே இல்லை.

உபநிஷத்தில் இதற்கு ஒரு பரீட்சையே சொல்லப்பட்டிருக்கிறது. உண்ட அன்னத்தின் ஸ்தூலமான பாகம் மலமாகவும், நடுப்பாகம் தசையாகவும், அதி சூட்சுமமான பாகம் மனமாகவும் ஆகிறதென்று சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. பதினைந்து நாள் உண்ணாதே, தண்ணீர் மட்டும் வேண்டியவாறு குடி என்று பணித்து, பதினாறாம் நாள் மகனை அழைத்து வேதத்தை ஓதச் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டு குருகுலத்தில் கற்ற வேதம் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய் உண்டுவிட்டு வா என்கிறார். உண்டு வந்தவன் கேட்டதையெல்லாம் ஓதுகிறான். அந்த ரிஷிகள் நரம்பணுவையும் நுண்ணுயிரையும் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவது அவர்களுக்குச் செய்யும் கௌரவமாகாது. அறியாமலே, மனம் உணவைச் சார்ந்தது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டத் துணிந்தார்களே, அதுதான் கௌரவத்துக்குரியது. 1867-இல் வடலூரில் தருமசாலை அடுப்பை ஏற்றிய வள்ளலார், பசி முற்றும்போது மனமும் புத்தியும் சித்தமும் அகங்காரமும் ஒவ்வொன்றாக எப்படி நிலைகுலைகின்றன என்பதைத் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்திலே வரிசையாக எழுதினார். அடுத்த பத்தாண்டுக்குள் வந்த தாது வருஷப் பஞ்சத்தில், சேலம் ஜில்லாவின் கிராமங்கள் அவர் எழுதியதன் பொருளை உயிர்ப்பலி கொடுத்து அறிந்தன.

ஆயினும் சமயத்தின் முன்னே ஒரு கடினமான வழக்கு இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. தமிழ்நாட்டுச் சமய வரலாற்றையே திருப்பிய ஒரு மனமாற்றம் வயிற்று வலியிலே தொடங்கிற்று. பின்னாளில் திருநாவுக்கரசர் எனப் போற்றப்பட்ட மருணீக்கியார் என்னும் இளைஞர், தாய் தந்தையரை இழந்த துயரத்துக்குப் பின்னர்ச் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்ற திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்த காலத்தில், சூலை நோய் அவர் வயிற்றைப் பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலித் தடவலும் பலிக்கவில்லை. சமையற்காரனைத் தம் தமக்கை திலகவதியாரிடம் அனுப்பினார். சமணப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று தமக்கையார் மறுக்கவே, பாயும் குண்டிகையும் பீலியும் நீத்து, வெண்துகில் போர்த்து, இரவோடிரவாகத் திருவதிகைக்குத் தாமே வந்து காலில் விழுந்தார். திலகவதியார் வாதம் செய்யவில்லை, குற்றம் சாட்டவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிறந்த பதிகத்திலே, குடரோடு பின்னி முறுக்கி ஆளை முடக்கும் அவ்வலியை, அதை அனுபவித்தவனன்றி வேறெவனும் சொல்ல முடியாத வகையில் நாவுக்கரசர் பாடியிருக்கிறார். இந்தக் கதையைச் சமணரை இகழ நான் எடுக்கவில்லை. அன்னம், அபயம், மருந்து, கல்வி என்னும் நான்கு தானங்களில் மருந்துக்கும் இடங்கொடுத்த தருமம் அது.

வழக்கு என்னவெனில், குடல் மூளையை ஆட்டுமென்றால் நாவுக்கரசருடைய பக்தி குடல்வலியின் விளைவாகச் சுருங்கிவிடாதா என்பதே. சுருங்காது என்று நான் திடமாகச் சொல்வேன். ஒரு கருத்து எவ்வழியே வந்தது என்பது வேறு, அது மெய்யா என்பது வேறு. இந்தச் சமவெளிக்கு அண்டையிலுள்ள ஈரோட்டிலே 1887-இல் பிறந்த கணித மேதை இராமாநுஜன், தம் ஆயுளின் கடைசி ஆண்டில் நோயினால் துரும்பாக இளைத்துக் கிடந்தார். அக்காலத்து வைத்தியர் காசநோய் என்றனர். குடலில் புகுந்த அமீபா ஈரலைத் தாக்கிய நோயே அது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஒருவர் கருதினார். அந்தத் தேகத்தோடு, 1920 ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் தாம் கண்டறிந்த புதுவகைச் சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். அவற்றை இன்றும் கணித அறிஞர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நோயுற்ற உடம்பில் தோன்றியது என்பதற்காக ஒரு தேற்றம் பொய்யாவதில்லை, ஆரோக்கியமான உடம்பில் தோன்றியது என்பதற்காக மெய்யாவதும் இல்லை. சூலை நாவுக்கரசரைத் திருவதிகைக்கு நடக்கச் செய்தது. அங்கே அவர் கண்டது உண்மையா என்பதைச் சூலை தீர்மானிக்காது. சேக்கிழாரோ இன்னும் ஒருபடி மேலே போய், தமக்கையின் வேண்டுதலுக்கிரங்கிய இறைவன் அருள் வந்து சேர்ந்த வாயிலே சூலை என்கிறார். உடம்பின் வழியாக அருள் வரலாகாது என்று விதி செய்ய நாம் யார்?

திருநீற்றால் தீர்ந்ததா, தமக்கையின் அன்பால் தீர்ந்ததா, தானே தணிந்ததா என்று வினவுவோருக்கு, 2010-இல் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் குழுவினர் நடத்திய பரீட்சை சிந்தனைக்குரியது. ஐ.பி.எஸ். நோயாளர் 80 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு, இதில் மருந்து எதுவும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை இல்லை. வைத்தியரின் பரிவான பேச்சு இரு சாராருக்கும் உண்டு. மூன்று வாரத்தில் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேரும், மற்றவர்களில் 35 பேரும் போதிய நிவாரணம் கண்டதாகச் சொன்னார்கள். ஏமாற்றில்லாத இடத்திலும் நம்பிக்கைக்கு வேலை உண்டு என்பது இதனால் விளங்குகிறது. ஆகவே, நம் பக்கத்திலே குழந்தை வெருண்டு, பால் கக்கிப் பேதியாகும்போது, பயந்த கோளாறு என்று சொல்லி மந்திரித்துத் திருநீறு பூசும் பாட்டியை நான் நகைக்கமாட்டேன். பயம் வயிற்றைக் கெடுக்கும் என்று அவள் கண்டது மெய். அவள் பூசும் நீற்றோடு உப்புச் சர்க்கரை நீரும் கொடுத்து, குழந்தை வாடினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டும். ஆனால் தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை அழுத்தியும் தொண்டையில் ஊதியும், இடுமருந்தைக் கக்கவைக்கிறேன் என்று பச்சிலையைப் புகட்டியும் செய்யும் தொழிலை என்னால் ஒப்ப இயலாது. குடல்வால் அழன்றிருக்கும் பிள்ளையின் வயிற்றை அழுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாய் முடியும்.

மறுபக்கத்து எச்சரிக்கையும் ஒன்றுண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் மன உளைச்சலுமே காரணம் என்று இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் வைத்தியர்களே நம்பினார்கள். அப்புண் பெரும்பாலும் ஒரு கிருமியினால் வருவது என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வாரனும் மார்ஷலும் காட்டினார்கள். மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றார். 2005-இல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். அதற்குள் எத்தனை பேர், மனத்தை அடக்கு என்ற உபதேசத்தோடு இரத்தம் கக்கியிருப்பார்கள்! மனம் காரணம் என்று சொல்வதிலும் வினை காரணம் என்று சொல்வதிலும் உள்ள அபாயம் ஒன்றுதான்: விசாரணை அங்கே நின்றுவிடுகிறது.

வினையைப் பற்றி ஒரு சங்கடம் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இராப்பகலாக உறக்கமின்றி, செரியாத வயிற்றோடு சாலையில் செல்லும் ஒருவன் சினந்து ஒரு சொல் சொன்னால், அச்சினத்தில் அவனுடைய குடலுக்கும் பங்கிருந்தால், அந்த வினை யாருடைய கணக்கில் ஏறும்? கருவியின் பழுது கருத்தாவின் குற்றத்தைக் குறைக்குமா? கருவிகளைக் கூட்டிக்கொடுப்பவனும் இறைவனே, வினையை அளந்து ஊட்டுபவனும் இறைவனே என்று சித்தாந்தம் கூறுவதால், அளவு தவறாது என்று நம்புகிறேன். ஆனால் அந்த அளவுகோல் நம் கையில் இல்லை. அது கையில் இருப்பதுபோலப் பிறனைப் பார்த்து உன் வினை என்று சொல்வதற்கு மனிதனுக்கு அதிகாரம் உண்டென்று எந்தச் சாஸ்திரமும் எனக்குக் காட்டவில்லை.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிகளில், தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும் பிள்ளையைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஏப்ளி என்ற வைத்தியர் பள்ளிக் குழந்தைகள் ஆயிரம் பேரை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட கட்டுரை, பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் இத்தகைய வலி திரும்பத் திரும்ப வருவதைக் காட்டிற்று. ஆகவே இது நம் பிள்ளைகளின் சோம்பலும் அன்று, பாசாங்கும் அன்று. எடை குறைகிறதா, மலத்தில் இரத்தம் உண்டா, இரவில் வலி எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா என்று வைத்தியர் முதலில் பார்க்கவேண்டும்; அவை இல்லையென்றான பின்பும், வலி மெய்யென்று அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான், எத்தனை மணிக்கு உறங்குகிறாய், காலையில் உண்கிறாயா, எதை நினைத்து அஞ்சுகிறாய் என்று கேட்கத் தொடங்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பலகாரப் பொட்டலத்தோடு பார்க்க வரும் தாய் தந்தையர், மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்கலாம். விடுதிக் காப்பாளர், நாடகம் ஆடாதே என்று அதட்டுவதற்கு முன்னால், திலகவதியார் வாசலில் வந்து விழுந்த தம்பியை என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.